விளக்குக்கு முதுகு காட்டிய பச்சை

எங்கள் வீட்டுக்காரம்மாவை ஒரு புகைப்படத்தில் முழுதாகப் பார்த்தவர் யாரும் இல்லை. கல்யாணப் படத்திலேயே மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் பாதி நெற்றியும் ஒரு காதும்தான் அவர். மற்றப் படங்களில் ஒரு முழங்கை இருக்கும், ஒரு செருப்பின் நுனி இருக்கும். யாராவது கேமராவைத் தூக்கினால் போதும், அடுப்பில் எதையோ மறந்து வந்தவரைப் போல நகர்ந்துவிடுவார்.

"நின்னாத்தான் என்ன அண்ணி? படம் எடுக்கிறவன் உங்களைக் கடிச்சா தின்னுடப் போறான்?" என்பார் அவருடைய நாத்தனார். நாத்தனார் எல்லாப் படங்களிலும் நடுவில் இருப்பவர். முன்பின் தெரியாதவர்கள் எடுத்துக்கொண்ட படங்களில்கூட எப்படியோ நடுவில் வந்திருக்கிறார்.

'பின்வரிசை' என்ற பெயர் நாத்தனார் வைத்ததுதான். கேலிக்கு வைத்தது, செல்லமாக ஒட்டிக்கொண்டது. இப்போது தெருவே அப்படித்தான் அழைக்கிறது. அவரும் திரும்பிப் பார்க்கிறார்.

நான் அவர்கள் வீட்டு மாடி அறையில் குடியிருக்கிறேன். அதனால் எனக்கும் இந்த வீட்டில் பெயர் மாறிவிட்டது. "மாடி சாப்பிட்டாச்சா?" என்று கீழிருந்து குரல் வந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு எதிலும் முதலில் தோன்றுவது 'இது கெட்டுப்போனால் என்ன செய்வது' என்கிற கேள்வி. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே தோன்றும். அந்தக் கேள்வியைத் துளியும் மதிக்காத ஒரு வீட்டில் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கீழே பின்வரிசையும் அவர் கணவரும். கணவர் படகு எஞ்சின் மெக்கானிக். ஊருக்கு அவர் 'மோட்டார்'. பக்கத்து வீட்டில் மோட்டாரின் தங்கை, அதாவது நாத்தனார். இரண்டு சமையலறைகளுக்கும் இடையில் ஒரே சுவர். அதில் மோட்டார் தன் கையால் உடைத்து வைத்த ஒரு சின்ன ஜன்னல். அவசரத்துக்கு உப்புக் கேட்க என்று வைத்தது. உப்பைத் தவிர மற்ற எல்லாம் அதன் வழியாகப் போய்வரும்: கரண்டி, கத்தரிக்கோல், ஊர்க்கதை, கோபம், கோபம் தீர்ந்ததும் ஒரு கிண்ணம் குழம்பு. நாத்தனாருக்குக் குரல் தானாகவே உரக்க வரும். மாடிப்படி அதை அப்படியே மேலே கொண்டுவந்துவிடும். ஆகவே நான் எழுதுவதில் பாதி நேரில் பார்த்தது, பாதி படிக்கட்டு சொன்னது.

பின்வரிசை பல வருஷம் ஒரு துணிக் கம்பெனியில் ஓரம் மடித்து அடிக்கிற தையல் வேலையில் இருந்தவர். சட்டையோ, போர்வையோ, கப்பலுக்குப் போகிற திரைச்சீலையோ, எதுவானாலும் அவர் கைக்கு வருவது விளிம்பு மட்டும். அந்தக் கண் இன்னும் போகவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் மேஜைத்துணியின் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பார். நான் குடிவந்த அன்று என் ஜன்னல் திரையை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாடி, இது ஒரு மழைக்குக்கூட நிக்காது" என்றார். நிற்கவில்லை.

துணிக் கம்பெனியை மூடியதும் நாத்தனார்தான் அவரைப் பாசிக் கொட்டகைக்கு அழைத்துப்போனார். "வாங்க அண்ணி. அங்கே உங்களை யாரும் படம் எடுக்க மாட்டாங்க. எல்லாரும் தண்ணியைத்தான் பார்த்துட்டு நிப்பாங்க."

கொட்டகை எங்கள் தெரு முடிகிற இடத்தில், படகுப் பட்டறையைத் தாண்டி இருக்கிறது. தகரக் கூரை, உப்புக் காற்றில் பொரிந்த சுவர், உள்ளே கால் வைத்தால் ஈர வாசம். கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்ப்பவர்கள் சேர்ந்து நடத்துவது. அவர்கள் வளர்ப்பது இலைப்பாசி. பார்த்தால் கீரை இலை என்றுதான் நினைப்போம். கையில் எடுத்தால் ஈரக் காகிதத்தைவிட மெல்லியது, விரல் ரேகை மறுபக்கம் தெரியும். மாட்டுத் தீவனத்துக்குப் போகும், மனிதர் சாப்பாட்டுக்கும் போகும்.

கொட்டகையின் வேலை அந்தப் பாசியைக் கயிற்றில் முளைக்க வைத்துக் கொடுப்பது. நன்கு முற்றிய இலைகளைப் பொறுக்கி எடுப்பார்கள். அவைதான் தாய் இலை. அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, கழுவி, ஒரு நீளமான கறுப்புத் தொட்டியில் சுத்தமான கடல் தண்ணீரில் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு காலை நேரத்தில் அந்த இலைத்துண்டுகள் தங்கள் விளிம்பிலிருந்து பச்சையாக ஒரு பொடியை விடும். பொடி என்பது கொட்டகைப் பேச்சு. உண்மையில் ஒவ்வொரு துகளும் வால் வைத்து நீந்துகிற ஓர் உயிர். தொட்டியின் ஒரு கோடியில் விளக்கைப் போட்டால் பொடி முழுக்க அந்த வெளிச்சத்தை நோக்கி நீந்தி வந்து, பச்சை மேகமாகத் திரளும். அதைக் கிண்ணத்தால் மொண்டு பக்கத்தில் உள்ள கயிற்றுத் தொட்டியில் ஊற்ற வேண்டும். அங்கே சட்டங்களில் சுற்றி வைத்த கயிறுகளில் பொடி ஒட்டி, சில நாளில் முளைக்கும். முளைத்த கயிறு கடலுக்குப் போகும். மொண்டது போக மிச்சத் தண்ணீரைத் தொட்டியின் மறுகோடியில் உள்ள துவாரம் வழியாக வடித்துவிடுவார்கள். அது வாசற்படியை ஒட்டிய ஒரு கால்வாயில் ஓடி, கொட்டகைக்குப் பின்னால் உள்ள கல் குட்டையில் போய் விழும்.

இந்த விதைப்பு வேலை கொட்டகைக்கே புதிது. முதல் விதைப்பை மட்டும் நாத்தனார் தனியாகச் செய்திருந்தார். பின்வரிசை வந்ததும் யார் தொட்டியில், யார் கயிறு சுற்றும் அறையில் என்று பேச்சு வந்தது. சமையலறை ஜன்னல் இரண்டு நாள் சாத்தியே கிடந்தது. மூன்றாம் நாள் மோட்டார் சமாதானம் சொன்னார்: "ஒரு விதைப்பு அவ, ஒரு விதைப்பு நீ. ஒருத்தர் தொட்டியில நின்னா ஒருத்தர் கயிறு சுத்துங்க. என்னை விட்டுடுங்க."

நியாயமான ஏற்பாடு. ஆனால் அதிலிருந்துதான் தொல்லை பிறந்தது.

நாத்தனார் நின்ற விதைப்பெல்லாம் பச்சை மேகம் விளக்கடியில் வந்து குவிந்தது. கயிறுகள் முளைத்தன. பின்வரிசை நின்றபோது விளக்கு அதன் பாட்டுக்கு எரிந்தது, தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடந்தது. மொண்டு ஊற்றினார், கயிறு வெள்ளையாகவே இருந்தது. அடுத்தது நாத்தனார், மேகம். அடுத்தது பின்வரிசை, தெளிந்த தண்ணீர். ஒரு தடவை விட்டு ஒரு தடவை, தவறாமல்.

"எங்க தங்கச்சிக்குக் கைராசி" என்று பாசிக்காரர்கள் நாத்தனாரைத் தாங்கினார்கள். நாத்தனாரும் அந்த வலது கையைக் கொஞ்சம் தனியாகத்தான் தூக்கிக்கொண்டு நடந்தார். யார் வீட்டுப் படகை முதலில் தள்ள வேண்டுமென்றாலும் அந்தக் கையைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் அவருக்கு உறுத்தியது.

ஒரு விஷயத்தை மட்டும் அவர் விடவில்லை. "அந்த இலைங்க ஓரத்தைப் பார்த்தீங்களா மாடி? நான் நின்ன அன்னிக்கும் வெள்ளையா வெளுத்துப் போச்சு. பொடி விட்ட இலைதான் அப்படி வெளுக்கும். அப்ப எங்கே போச்சு?"

"ஒருவேளை செத்துப்போயிருக்குமோ?" என்றேன். எனக்கு வேறென்ன தோன்றும்?

"ஆகா, நல்ல வாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது முறையும் கயிறு வெள்ளையாகவே இருந்தபோது கொட்டகைப் பொறுப்பாளர் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர். பகலிலும் ஒரு டார்ச்சோடு திரிந்து தொட்டி தொட்டியாக எட்டிப் பார்ப்பதால் அவருக்கு 'டார்ச் சார்' என்று பெயர். தர்மசங்கடத்தில் டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டபடி பேசினாராம். "அடுத்த உங்க முறையிலயும் வரலைன்னா நீங்க கயிறு அறையிலேயே இருந்துடுங்களேன். அங்கே நிம்மதி. கயித்துக்காகக் காத்திருக்கிறவங்களும் என்னைக் கேக்கறாங்க."

பின்வரிசைக்குத் தொட்டிதான் வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வெட்டிய துணிக்கு ஓரம் அடித்தவர். தன் கையால் தொடங்கி ஒரு கயிறாவது பச்சையாகிக் கடலுக்குப் போக வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சமையலறை ஜன்னல் வழியாக அவர் சொன்னது எனக்குக் கேட்டது: "ஒரே ஒரு கயிறுடி. அதுக்கு மேல கேக்கலை."

நாத்தனாரின் குரல் தணிந்து வந்தது. அது அபூர்வம். "எனக்குப் பதிலா நீங்க நின்னுக்குங்களேன், என் முறையில."

"உன் ராசியில எனக்குக் கயிறு வேண்டாம்."

"அப்படின்னா போங்க. வீம்பு!" என்று ஜன்னலைச் சாத்தினார். பிறகு திறந்து, ஒரு கிண்ணத்தை உள்ளே தள்ளிவிட்டு, மறுபடி சாத்தினார்.

பின்வரிசையின் முறை வந்தது. எனக்கு அன்று விடுமுறை. வெறும் வேடிக்கை என்று சொல்லிக்கொண்டு போனேன்.

கொட்டகைக்குள் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. விளக்கு மட்டும் தொட்டியின் கோடியில் எரிந்துகொண்டிருந்தது. பின்வரிசை அதன் கீழ் குனிந்து நின்றார். தண்ணீர் தெளிவு. காத்திருந்தோம். தெளிவுதான். துண்டு இலை ஒன்றை எடுத்து விளிம்பைக் காட்டினார்; பல் குத்தும் குச்சி அகலத்துக்கு வெள்ளையாக, உள்ளே ஒன்றும் இல்லாத உறை போல இருந்தது.

"விட்டிருக்கு" என்றார். "விட்டிருக்கு மாடி. என்கிட்ட வரத்தான் மாட்டேங்குது."

டார்ச் சார் எட்டிப் பார்த்தார், டார்ச்சை அணைத்துக்கொண்டு வெளியே போனார்.

பின்வரிசையின் கையெல்லாம் பாசி வழவழப்பு. விளக்கடித் தண்ணீரைக் கலக்க மனமில்லாமல், மறுகோடிக்குப் போய், அலமாரி நிழலில் கறுத்துக் கிடந்த தண்ணீரில் தன் வெள்ளை எனாமல் கிண்ணத்தை முக்கி எடுத்தார். வாசற்படியில் வந்து உட்கார்ந்தார். கை கழுவக்கூடத் தோன்றாமல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டார். வெளியே நல்ல வெயில்.

நாத்தனார் கயிறு அறையிலிருந்து டீயோடு வந்தார். "என்ன அண்ணி, இன்னிக்காவது உங்க இலை ஏதாவது விட்டுச்சா, இல்லை உங்களை மாதிரியே அழுத்தமா?"

"போடி."

"சரி, குடிங்க. டீக்காவது ராசி பார்க்காம இருங்க."

பின்வரிசை டம்ளரை வாங்கக் கையை நீட்டியவர் பாதியில் நிறுத்தினார். கிண்ணத்தின் உட்சுவரில், வாசலுக்கு எதிர்ப்பக்கம், கொட்டகையின் இருட்டைப் பார்த்த பக்கம், நகக்கண் பிறை போல ஒரு பச்சைக் கோடு.

"அழுக்கு" என்றார் நாத்தனார்.

"எனாமல் கிண்ணம். காலையில நான்தான் தேய்ச்சேன்."

பின்வரிசை கிண்ணத்தை மெல்லத் திருப்பினார். பச்சைக் கோடு இப்போது வெயில் பக்கம் வந்தது. நாங்கள் மூவரும் குனிந்தோம். கோடு கலைந்தது. புகை நகர்வது போலக் கிண்ணத்தின் நடுவைக் கடந்தது. டீ ஆறுவதற்குள் மறுபடியும் இருட்டுப் பக்கம் போய்ப் பிறையாக ஒட்டிக்கொண்டது.

நாத்தனார் தரையில் மண்டியிட்டு இன்னொரு தடவை திருப்பினார். அது இன்னொரு தடவை கடந்து போனது.

"அண்ணி" என்றார் மெதுவாக. "என்னுது விளக்கைப் பார்த்தா விழுந்தடிச்சு ஓடி வரும். உங்களுது முதுகைக் காட்டிட்டு ஓடுது. கேமராவைப் பார்த்த மாதிரி."

பின்வரிசை சிரிக்கவில்லை. அவர் கண் தொட்டியின் மறுகோடிக்குப் போயிருந்தது. கறுப்புத் தொட்டி, அலமாரி நிழல். அங்கே எத்தனை பச்சை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. "விளக்குப் பக்கம் தேடிட்டு இருந்தேனே. எல்லாம் அங்கேதான்டி இருக்கு."

அந்த நேரத்தில் வாசற்படியை ஒட்டிய கால்வாயில் களகளவென்று தண்ணீர் ஓட ஆரம்பித்தது. டார்ச் சார், பாவம், விதைப்பு முடிந்ததென்று நினைத்து வடிகால் வால்வைத் திறந்துவிட்டார்.

"சார், மூடுங்க, மூடுங்க!" என்று நாத்தனார் கத்தினார்.

"எதை?"

"வாயை இல்லை சார், வால்வை!"

டார்ச் சார் திருகினார். உப்பு அரித்த திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவில்லை. "வழுக்குது! மோட்டாரைக் கூப்பிடுங்க!"

வடிகால் துவாரம் இருந்தது அந்த இருட்டுக் கோடியின் அடியில். பொடி எல்லாம் முண்டியடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே. ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் வெளியே போயிருக்கிறது. நாத்தனார் ஓடினார். தோள் வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, துழாவி, உள்ளங்கையைத் துவாரத்தின் மேல் அழுத்தினார். கால்வாய்ச் சத்தம் நின்றது.

"மொண்டு ஊத்துங்க அண்ணி! என்ன வேடிக்கை பார்க்கறீங்க? மாடி, நீங்களும்தான்! ஐயோ, ஜில்லுனு இருக்கு. சீக்கிரம்!"

பின்வரிசை எனாமல் கிண்ணத்தோடு, நான் கையில் கிடைத்த ஒரு வாளியோடு. மொள்வதும் கயிற்றுத் தொட்டிக்கு ஓடுவதும் திரும்புவதுமாக இருந்தோம். நான் கொட்டியதில் பாதி என் செருப்புக்குள் போயிருக்கும். மோட்டார் கருவிப்பையோடு வந்து வாசலில் நின்றார். நனைந்த மனைவி ஓடுகிறாள். தங்கை தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கிறாள்.

"இவ எதுக்குத் தண்ணிக்குள்ள கையை விட்டுட்டு நிக்கிறா?"

"உன் பொண்டாட்டியோட பிள்ளைங்க ஓடிப் போகுதுண்ணா. பிடிச்சு வெச்சிருக்கேன்."

"எனக்குத் தெரியாம எத்தனை?"

"லட்சம் இருக்கும். வால்வைப் பாரு முதல்ல!"

அவர் வால்வை இறுக்கி முடித்தபோது நாத்தனாரின் வலது கை வெளிறி, உள்ளங்கையில் துவாரத்தின் வட்டம் பதிந்திருந்தது. ஊர் கொண்டாடிய கை. அதைத் துண்டால் சுற்றிக்கொண்டு, "இனிமே இதால ஒரு வாரத்துக்கு ஒரு படகையும் தள்ள மாட்டேன்" என்றார்.

கிண்ணத்தில் மிஞ்சிய ஒரு துளியை டார்ச் சார் மைக்ராஸ்கோப்பில் வைத்தார். வெகுநேரம் குனிந்திருந்தவர், "நாலு வால்!" என்று சின்னப் பிள்ளை போலக் கத்தினார். "நான் இதுவரைக்கும் உங்க நாத்தனார் மேகத்தைத்தான் பார்த்திருக்கேன். அதுக்கு ரெண்டு வால். உங்க தண்ணி தெளிஞ்சு கிடந்ததால ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்கலை. வாங்க, எல்லாரும் பாருங்க!" நாங்கள் வரிசையில் நின்றோம். பின்வரிசை வழக்கம்போல் கடைசியில் நின்றார். கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவில்லை.

ஆனால் நாலு வால் பொடி கயிற்றில் ஒட்டுமா என்று யாருக்கும் தெரியவில்லை. கயிற்றுத் தொட்டியில் இருட்டுக்காக ஒரு தார்ப்பாயைப் போர்த்தினார்கள். பொடி ஒட்ட நேரம் கொடுத்துவிட்டு, பாயை எடுத்து, முளைப்பதற்காக விளக்கைப் போட்டார்கள். அந்த நாட்களில் வீட்டில் சமையல் வாயில் வைக்க முடியவில்லை. நான் தினமும் கேட்டேன், "முளைக்காட்டி என்னக்கா?" தினமும் அவர் ஒரே பதில் சொன்னார்: "முளைக்காது. போதுமா? போய்ச் சாப்பிடுங்க."

ஒருநாள் பிற்பகல் படிக்கட்டு அதிர்ந்தது. நாத்தனார் அதுவரை மாடி ஏறியதே இல்லை. மூச்சிரைக்க நின்று, "மாடி, செருப்பைப் போடுங்க" என்றார்.

கொட்டகையில் பின்வரிசை கயிற்றுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டத்தை அவர் தூக்கிக் காட்டவில்லை. விரலால் ஒரு கயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார். வெல்வெட் துணியின் மேல் தடவுவதைப் போல. கயிறு நெடுக, இடைவெளி இல்லாமல், கண்ணுக்குக் குளிர்ச்சியான இளம்பச்சை.

"ஓரம் வரைக்கும் பிடிச்சிருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய பெரிய பாராட்டு அது.

டார்ச் சார் மகிழ்ச்சியில் படம் போட்டு விளக்கினார். இந்தப் பாசி ஒரே ரூபத்தில் இரண்டு தலைமுறையாக வாழ்கிறது. ஒரு தலைமுறை இலை நாலு வால் பொடியை விடும். அது வெளிச்சத்துக்கு ஒளிந்து, இருட்டான இடத்தில் ஒட்டி, துணை எதுவும் தேடாமல் தனியாகவே முளைத்து இலையாகும். அந்த இலை பார்க்க அச்சாகத் தாயைப் போலவே இருக்கும். ஆனால் அது விடுவது இரண்டு வால் பொடி. ஆணும் பெண்ணும் உண்டு. வெளிச்சத்துக்கு ஓடி வந்து, ஜோடி சேர்ந்து, ஒன்றானபின் ஒட்டி முளைக்கும். அப்படி முளைத்த இலை மறுபடி நாலு வால் விடும். ஒன்று மாற்றி ஒன்று, கடல் உள்ள நாள் முழுக்க. பள்ளிப் பாடத்தில் இதற்குச் சந்ததி மாற்றம் என்று பெயர். நான் அதை இரண்டு மொழிகளில் மனப்பாடம் செய்து, இரண்டிலும் தேர்ச்சி பெற்று, இரண்டிலும் மறந்தவன்.

நாத்தனார் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சார், என் முறைக்குத் தாய் இலையை எங்கேருந்து எடுப்போம்?"

"குட்டையில இருந்து. போன கயிறுதான் வெள்ளையா இருக்குமே, வேற எங்கே போறது?"

"அண்ணி முறைக்கு?"

"நீங்க முளைக்க வெச்ச கயித்துல இருந்து."

"குட்டையில அந்த இலை எப்படி வந்துச்சு?"

டார்ச் சார் டார்ச்சைப் போட்டு வாசல் பக்கம் திருப்பினார். எல்லோரும் வாசற்படியைப் பார்த்தோம். அதை ஒட்டிய கால்வாயைப் பார்த்தோம். கால்வாய் போய் விழுகிற கல் குட்டையைப் பார்த்தோம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வடித்துக் கொட்டிய தண்ணீர், ஒவ்வொரு கல்லிலும் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றது.

நாத்தனார் ஒரு கயிற்றுச் சுருளின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார். "அப்ப இத்தனை நாளா என் கைராசி, கைராசின்னு ஊரே ஆடினது அண்ணி பெத்த பிள்ளைங்களை வெச்சுத்தானா?"

"நான் நறுக்கினது நீ முளைக்க வெச்ச இலையைத்தானேடி" என்றார் பின்வரிசை. "உன் கயிறு இல்லாட்டி எனக்கு ஏது?"

நாத்தனார் கணக்குப் போட்டுப் பார்த்தார். "அப்படின்னா நீங்க எனக்கு அம்மா, நான் உங்களுக்கு அம்மா. அண்ணாவை என்ன முறை வெச்சுக் கூப்பிடறது?"

"என்னை விட்டுடுங்கன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் புது வால்வு பொருத்த வந்திருந்த மோட்டார், அதிலிருந்து தலையைத் தூக்காமல்.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. பின்வரிசை வாயை மூடிக்கொண்டு சிரிப்பவர். அன்று மூடவில்லை. முன்பல் ஒன்று சற்றுத் திரும்பியிருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

முறை வைப்பது இப்போதும் தொடர்கிறது. தாய் இலையைப் பார்த்ததும் இருவருக்கும் ஒரு கேள்விதான்: இது விளக்குக்கு வருவதா, ஒளிவதா? எனாமல் கிண்ணத்தை வாசற்படியில் வைத்துத் திருப்பிப் பார்த்து முடிவு செய்கிறார்கள். இரண்டு பெண்களுக்கும் இப்போது வெள்ளைக் கயிறு என்று ஒன்று கிடையாது. ஆனால் ஒவ்வொரு தடவையும் மொண்டு முடிக்கும் தறுவாயில் பின்வரிசை கிண்ணத்தை வைத்துவிடுவார்.

"கொஞ்சம் மிச்சம் இருக்கே, அக்கா" என்றேன் ஒருமுறை. "வீணாப் போயிடாதா?"

"போகட்டும் மாடி. எங்கே போயிடும்? குட்டையில போய் நிக்கும்." வால்வைத் திறந்துவிட்டார். கால்வாய் களகளத்தது. வழக்கமாக அந்த இடத்தில் எனக்கு இன்னொரு கேள்வி வரும். அன்று வரவில்லை.

பின்வரிசையின் முதல் பச்சைக் கயிறுகள் கடலுக்குப் போன அன்று பாசிக்காரர்கள் ஒரு படம் எடுத்தார்கள். அதைக் கண்ணாடி போட்டு, சமையலறை ஜன்னலுக்கு மேலே, இரண்டு வீட்டிலிருந்தும் தெரிகிற இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். படம் முழுக்கக் கயிறுகள்தான், பச்சைத் திரை போலத் தொங்குகின்றன. நாத்தனார் நடுவில் இல்லை. யாருமே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். உற்றுப் பார்த்தால், வலது ஓரத்தில், கயிற்றைப் பின்னாலிருந்து விலக்கிப் பிடித்த நான்கு விரல்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் நாத்தனார் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அந்த விரல்களைத் தொட்டுக் காட்டுவார்.

"இதோ பாருங்க. எங்க அண்ணி."